கழுவிய வேரின் அழகு

கள்ளி வளர்ப்பவர்களில் பூவுக்கு மயங்குகிறவர்கள் உண்டு, முள்ளுக்கு மயங்குகிறவர்கள் உண்டு. எனக்கு வேர்தான். தொட்டியைச் சாய்த்து விளிம்பில் ஒரு தட்டு தட்டியதும் வேர்க்கட்டு முழுசாகக் கைக்கு வர, அதில் வேர் மாவுப்பூச்சியின் வெள்ளைப் பொடி துளிகூட இல்லையென்றால், பூத்து நிற்கும் செடியைவிட அதுவே என் கண்ணுக்கு அழகு. அந்தப் பூச்சியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது மிகையாகத் தெரியாது.

அந்த அழகை முழுதாக ரசிக்க ஹவொர்த்தியா ட்ருங்காட்டாவைத்தான் கழுவிப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் லிட்டில் கரூவில், கத்தியால் சீவியது போன்ற இலைநுனிகளை மட்டும் வெளியே விட்டு, மிச்ச உடம்பைத் தன் சுருங்கும் வேர்களாலேயே மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும் செடி அது. கொழுத்த அந்த வேர்களில் ஒன்று செத்தால் உள்சதை போய் வெறும் உறை மிஞ்சும். பூச்சி ஒளிய அதைவிடத் தோதான இடம் கிடையாது. அடுத்த இடம், வேரும் தண்டும் சேரும் மடிப்பு. ரைசோகஸ் பேரினத்து வேர் மாவுப்பூச்சிகள் இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஆனால் தொட்டியின் உட்சுவரில் நீலம் பாய்ந்த வெள்ளை மெழுகை அப்பி வைத்துத் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

கோயம்புத்தூரில் ஒரு பெரியவர் ட்ருங்காட்டா கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார், மண் தானாக உதிரும். உதிர்ந்த மண்ணைச் செய்தித்தாளோடு மடித்துக் குப்பைக்கு அனுப்புவார், தோட்டத்தில் ஒரு பிடி விழ விடமாட்டார். மெல்லிய குழாய்நீரில், தேய்ந்த பல் பிரஷ்ஷால் வேர் வேராகத் தேய்ப்பார். வெறும் உறைகளை நகத்தால் உருவுவார். தண்டின் மடிப்புக்கு மட்டும் ஸ்பிரிட் தொட்ட தூரிகை. கடைசியில் தந்த நிறத்தில் சில வேர்கள் மட்டும் மிஞ்சும். அவை நிழலில் சில நாள் காயும். பழைய மண்தொட்டி கொதிநீரில் கிடக்கும். நட்டு ஒன்றரை மாதம் போனதும், தப்பிய முட்டை ஏதும் பொரித்திருக்கிறதா என்று மறுபடி பிரித்துப் பார்ப்பார். எல்லாம் மார்கழி, தையில்தான். நம் வெயிலில் உறங்கும் ஹவொர்த்தியா, குளிர் வந்த பிறகே புதுவேர் விடும்.

இத்தனை மெனக்கெடுவானேன், இமிடாகுளோப்ரிட் கலந்து ஊற்றினால் போதாதா என்பார்கள் நண்பர்கள். அது வேலை செய்யும், மறுக்கவில்லை. வேர் உறிஞ்சி, சாற்றில் கலந்து, அந்தச் சாற்றைக் குடிக்கும் பூச்சியைக் கொல்லும் மருந்து அது. வேர் உறங்கும் சித்திரையில் ஊற்றினால் உறிஞ்சுவது யார்? பூச்சி பெருகுவதோ வறண்ட மண்ணில். வறண்டு இறுகிய வேர்க்கட்டின் நடுவே நீர் எளிதில் இறங்காது, மெழுகும் அதை ஒட்டவிடாது. மாடியில் பூக்கும் கள்ளிக்குத் தேனீ வரும் என்பதையும் நினைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் திறந்தவெளியில் இந்த மருந்தை 2018இல் தடை செய்ததே தேனீக்களுக்காகத்தான்.

வெந்நீர்க் கட்சியும் ஒன்று உண்டு. ஹவாயில் தொட்டிப் பனைகளை 49 டிகிரி செல்சியஸ் நீரில், வேர்க்கட்டின் நடுப்பகுதி 46 டிகிரியை எட்டும்வரை மூழ்கவைத்து வேர் மாவுப்பூச்சியை ஒழித்துக் காட்டினார்கள். பனைக்குச் சரி. சதைப்பற்று மிகுந்த ட்ருங்காட்டா வேரை அந்தச் சூட்டில் இறக்க எனக்கு மனம் வராது. தவிர, முக்கியெடுக்கும் கைக்கு வேரின் கதை தெரியாது. எந்த வேர் உயிரோடிருக்கிறது, எது உறை, பூச்சி எங்கே குடியிருந்தது என்பதெல்லாம் கழுவும் விரலுக்குத்தான் தெரியும்.

இன்று விற்பனைக்கு வரும் செடிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தென்னை நார்த்தூள் கட்டியை அப்படியே வைத்து, மேலே வண்ணக் கூழாங்கல்லைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்கவே வழியில்லை. விற்பனைப் படங்களோ மேலிருந்து மட்டும். செடி மினுக்கு இழந்து, தண்ணீர் ஊற்றியும் புடைக்காமல் நிற்கும்போதுதான் வாங்கியவருக்கு விஷயம் தெரியும். அதற்குள் பூச்சி, நீர் வழியும் அடித்துளை வழியாகவும் எறும்புகள் தயவிலும் பக்கத்துத் தொட்டிகளுக்கும் பரவியிருக்கும். அதனால்தான் புதுச் செடி எதுவானாலும் முதல் வேலையாக மண்ணை உதிர்த்து, கழுவி, சில மாதம் தனித்தட்டில் வைக்கிறேன்.

விற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: படத்தில் வேரையும் காட்டுங்கள். கழுவி, நிழலில் காய்ந்து, மண் ஒட்டாமல் வரும் செடிக்கு இரட்டை விலை சொன்னாலும் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.