மட்டம் வேறு, ஓட்டம் வேறு

“ஆறுகளின் ஓட்டத்தை இனி விண்ணிலிருந்தே அளந்துவிடலாம்” என்ற செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். அமெரிக்காவும் பிரான்சும் முன்னின்று 2022 டிசம்பர் 16ஆம் நாள் ஏவிய ‘ஸ்வாட்’ செயற்கைக்கோளைப் பற்றிய கட்டுரைகள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. கருவி அருமையானது, அதில் ஐயமில்லை. ‘அளந்துவிடலாம்’ என்ற சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

அக்கோள் எதை அளக்கிறது என்று பாருங்கள். அதில் 10 மீட்டர் நீளமுள்ள ஒரு தண்டு. தண்டின் இரு முனைகளிலும் ஆண்டெனாக்கள். ஏறத்தாழ 890 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பிய ராடார் அலை நீர்ப்பரப்பில் பட்டு மீளும்போது, இரண்டு ஆண்டெனாக்களையும் சற்றே முன்பின்னாக வந்தடைகிறது. அந்த நுண்ணிய வேறுபாட்டிலிருந்து நீர்ப்பரப்பின் உயரத்தைக் கணிக்கிறார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரி எடுத்தால் பிழை 10 சென்டிமீட்டர் அளவில் நிற்க வேண்டும் என்பது இலக்கு. ஆக, நீர்மட்டம், ஆற்றின் அகலம், நீர்ப்பரப்பின் சரிவு ஆகிய மூன்றும் கிடைக்கின்றன.

ஓட்டம் என்பது விநாடிக்கு இத்தனை கன மீட்டர் நீர் என்ற கணக்கு. அதற்கு ஆழமும் வேண்டும். ஆற்றின் அடிப்பகுதி நீரை எவ்வளவு தடுக்கிறது என்பதும் வேண்டும். ராடார் அலையோ நீரின் மேற்பரப்போடு திரும்பிவிடுகிறது. எஞ்சியதை ஊகித்துத்தான் ஆகவேண்டும். அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889இல் முன்வைத்த வாய்பாடு இதற்கு இன்றும் துணை நிற்கிறது. அதன்படி, அகன்ற ஆற்றில் ஓட்டமானது ஆழத்தின் ஐந்தின்கீழ் மூன்று (5/3) அடுக்குக்கு ஏற்ப மாறும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆழம் 5 மீட்டர். நீர்மட்டத்தில் 10 சென்டிமீட்டர் பிழை நேர்ந்தால் ஓட்டத்தில் வரும் பிழை 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 4 மீட்டர் ஆழமுள்ள இடத்தை 5 மீட்டர் என்று ஊகித்துவிட்டாலோ, ஓட்டம் 45 விழுக்காடு மிகையாகிவிடும்! மேலே சென்டிமீட்டர் கணக்கில் அளந்த துல்லியம் கீழே மணலில் புதைந்துபோகிறது.

மணல் என்றதும் பிரம்மபுத்திரா நினைவுக்கு வருகிறது. வங்காள தேசத்தில் ஜமுனா என்ற பெயரோடு பல கிளைகளாகப் பின்னி ஓடும் அந்த ஆற்றில் மணல் திட்டுகள் தோன்றுவதும் கரைவதும் ஆண்டுதோறும் நடப்பவை. அங்கே ஒரு முறை அளந்த ஆழம் அடுத்த ஆண்டுக்கு உதவாது. செயற்கைக்கோள் அளவீட்டின் வெற்றிக்கு எல்லோரும் காட்டும் சான்றும் இதே நாடுதான். அதன் பெரிய ஆறுகள் எல்லைக்கு அப்பாலிருந்து வருகின்றன. மேலே நீர் ஏறுவது கீழே இருப்போருக்கு எளிதில் தெரியாது. கடலை அளக்க 1992இல் ஏவப்பட்ட ‘டோபெக்ஸ்-பொசைடன்’ கோளின் பதிவுகளில் இந்தியப் பகுதியின் நீர்மட்டத்தைப் பார்த்து, எல்லையருகே 5 நாள் கழித்து வரப்போகும் மட்டத்தைக் கணிக்க முடியும் என்று பியன்கமாரியா, ஹொசைன், லெட்டன்மையர் ஆகியோர் 2011இல் காட்டினர். வீட்டுச் சாமான்களையும் கால்நடைகளையும் மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய குடியானவனுக்கு 5 நாள் என்பது பெரிய அவகாசம் அல்லவா?

ஆனால் கூர்ந்து நோக்குங்கள். இந்தக் கணிப்பில் ஓட்டம் என்ற பேச்சே இல்லை. மேலே இந்த மட்டம் இருந்தால், சில நாளில் கீழே அந்த மட்டம் வரும் என்ற உறவு மட்டுமே. அந்த உறவு எங்கிருந்து கிடைத்தது? வங்காள தேசத்தின் ஆற்றங்கரையில் ஆண்டுக்கணக்கில் நீர்மட்டத்தைப் படித்துக் குறித்துவைத்த பதிவிலிருந்து! கரையில் நட்ட அளவுகோல் இல்லாவிட்டால் விண்ணின் எண் வெறும் எண்தான்.

வேளைக் கணக்கும் ஒன்று உண்டு. ஸ்வாட் தன் பாதையைத் திரும்பத் தொடுவது 21 நாளுக்கு ஒருமுறை. அதற்குள் ஓர் இடத்தைச் சராசரியாக இரண்டு முறைதான் பார்க்கிறது. சிற்றாறுகளில் வெள்ளம் வந்து வடியவே இரண்டு நாள் போதும்.

நம் கவலை அறிவியலாரைப் பற்றியதன்று. உலகப் பொதுத் தொகுப்புகளில் வந்து சேரும் ஆற்று அளவு நிலையங்களின் பதிவுகள் 1980களுக்குப் பின் குறைந்துவிட்டன. மூடிய நிலையத்தைத் திறக்கப் பணம் கேட்பவரிடம், “அதுதான் கோள் இருக்கிறதே!” என்று சொல்லிவிட இத்தகைய செய்திகள் இடம் தருகின்றன. ஸ்வாட் குழுவினரோ ஓட்டக் கணிப்பை இரண்டு வகையாகத் தருகிறார்கள்: ஒன்று கரையில் எடுத்த அளவுகளோடு சரிபார்த்துத் திருத்தியது, மற்றது அவை இல்லாமல் கணித்தது. செய்தி எழுதுவோர் இவற்றில் எந்த எண்ணை எடுத்தார்கள் என்பதையாவது ஒரு வரி சேர்த்து எழுதலாம்.