முகத்தை மறைத்துப் பார்

திருவதிகை வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய ஆல்பத்தில் பாதிப் பேருக்குப் பெயர் இல்லை. கறுப்பு அட்டைகள், நடுவே சிலந்திவலைக் கோடு போட்ட மெல்லிய தாள். நாங்கள் ஆளாளுக்கு முகத்தை உற்றுப் பார்த்து, தாத்தா ஜாடை என்றோம், சித்தப்பா ஜாடை என்றோம். எண்பதைக் கடந்த அத்தை மட்டும் படத்திலிருந்த முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு மற்றதைப் பார்த்தார்.

அதில் நுட்பம் இருக்கிறது. அந்தக்கால ஸ்டூடியோக்காரர் நெகட்டிவிலேயே பென்சில் ஓட்டி அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் அழித்துவிடுவார். கோட்டு அவருடையது, மேசைமேல் தொலைபேசி அவருடையது, பின்னால் தெரியும் மாளிகைப் படிக்கட்டு திரைச்சீலையில் வரைந்தது. படத்தில் ஆளுக்குச் சொந்தமாக மிஞ்சுவது கை, கால், காது, புடவைக் கட்டு. இத்தாலியில் 19ஆம் நூற்றாண்டில் மொரெல்லி என்ற ரசிகர், ஓவியத்தை வரைந்தவர் யாரென்று கண்டுபிடிக்கக் காதுமடலையும் விரல்நகத்தையும் பார்க்கச் சொன்னார். ஓவியர் கவனமில்லாமல் வரையும் இடம் அதுதானாம். அத்தைக்கு மொரெல்லியைத் தெரியாது, காது தெரியும். "பாம்படம் போட்டு இழுத்த காது இது. நம்ம பக்கத்து ஆளே இல்லடா, தெக்கத்தி" என்று ஒரு கிழவியைக் குடும்பத்திலிருந்தே நீக்கினார்.

அட்டையில் அழுத்திய ஸ்டூடியோ முத்திரை ஊரைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி குழுவினர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிடித்து மின்படியாக்கினார்கள். அருமையான வேலை. ஆனாலும் உட்கார்ந்திருப்பவரின் பெயர் எங்காவது ஓர் அத்தையின் வாயில்தான் இருக்கும். (மைதாப் பசை போட்டு ஒட்டிய படத்தின் பின்புறத்தைப் பார்க்கிறேன் என்று பிய்த்துவிடாதீர்கள். நான் ஒன்றைக் கிழித்திருக்கிறேன்.)

ஆல்பத்தின் பின்பாதி நெய்வேலி. 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1961இல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. பெரியப்பா அங்கே வேலைக்குப் போனார். சம்பளத்தில் ஓர் அக்ஃபா கிளிக் III வாங்கினார். அதற்கப்புறம் படமெல்லாம் சதுரம். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு. எனக்கு இந்தச் சதுரங்கள்தான் ஸ்டூடியோப் படங்களைவிடப் பிடிக்கும். இவற்றில் யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஆனால் அடையாளம் காண்பது கடினம். குடியிருப்பு வீடுகள் ஒரே அச்சு. எந்த பிளாக் என்றே சொல்ல முடியாது. அத்தை முருங்கை மரத்தைத் தேடினார். மரம் இடுப்பளவு இருந்தால் குடிபோன புதிது, கூரையைத் தொட்டால் அவர் கல்யாணத்துக்குப் பிறகு. ஒரே சட்டை, ஒரே நிழல்சாய்வு கொண்ட சதுரங்களைத் தரையில் பரப்பி ஒரு சுருளை மறுபடி சேர்த்தோம். ஒன்பது கிடைத்தன. வாசலில் நின்ற அந்நியப் பெண், இன்னொரு சதுரத்தில் அடுத்த வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டம்மா.

ஒன்பதிலும் பெரியப்பா இல்லை. கேமராவைக் கையில் வைத்திருந்தவர் எப்படி இருப்பார்?

அத்தை கடைசிச் சதுரத்தைத் தலைகீழாகத் திருப்பினார். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்த படம். குழந்தைகளின் காலடியில் நீளமாக ஒரு நிழல். இரண்டு முழங்கைகள் விரிந்திருந்தன, நடுவே தலை.

"காதைப் பாரு, விசிறி மாதிரி. எங்கண்ணன்டா."