‘ஸ்டாண்டர்ட்’ எண்டால் ஆருக்கு ஸ்டாண்டர்ட்? பழைய பஜிரோவின் ஷொக் பற்றி ஒரு குறிப்பு

1991இல் வந்த இரண்டாம் தலைமுறை மிட்சுபிஷி பஜிரோவின் உயர்ந்த ரகங்களில், ஓட்டுநரின் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். எஸ், எம், எச் என்று மூன்று நிலை. எஸ் என்றால் மென்மை, எம் நடுத்தரம், எச் கடினம். அதை மாற்றினால் நாலு சில்லிலும் இருக்கிற ஷொக் அப்சோபர்களின் குணம் மாறும். இலங்கையில் இந்த வண்டிகள் இண்டைக்கும் நிறையவே ஓடுகின்றன. அந்தச் சுவிட்ச் உண்மையாக வேலை செய்கிற வண்டியைக் காண்பதுதான் அரிது.

இந்த ஷொக் பழுதானால் என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, “கொம்பனி போட்டதை மாத்தக்கூடாது, மாத்தினால் அது பஜிரோவே இல்லை” என்கிறது. மற்றக் கட்சி, “ஸ்டாண்டர்ட் ஷொக் நாலைப் பூட்டுங்கோ, எல்லாம் ஒண்டுதான்” என்கிறது. முதலாவது பெரும்பாலும் சொந்தக்காரரின் குரல், இரண்டாவது கராஜின் குரல். நான் இரண்டையும் கொஞ்சக் காலமாகக் கேட்டு, வாசித்து, என் வண்டிக்குக் கீழே படுத்துக்கிடந்து பார்த்தும் வருகிறேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம். ‘ஸ்டாண்டர்ட்’ என்ற சொல்லை அவர்கள் யோசித்துப் பார்ப்பதில்லை.

முதலில் அடிப்படை. வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். இந்தப் பஜிரோவில் முன்னுக்கு முறுக்குக் கம்பி, அதாவது டோர்ஷன் பார். பின்னுக்குச் சுருள் ஸ்பிரிங். ஷொக் பாரம் தாங்குவதில்லை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. உள்ளே ஒயில், ஒயிலுக்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துவாரங்களும் வால்வும். சில்லு மேலே கீழே போகும்போது ஒயில் அந்தத் துவாரங்களால் நெருக்கிப் போகும், ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி வெளியே போய்விடும். மாற்றக்கூடிய ஷொக்கில் பிஸ்டன் தண்டின் நடுவால் இன்னொரு மெல்லிய தண்டு போகிறது. மேலே ஒரு சின்ன மோட்டார் அதைத் திருப்பும். அது திரும்பினால் ஒயில் போகிற மேலதிக வழி திறக்கும், அல்லது மூடும். அவ்வளவுதான் சங்கதி. டொயோட்டா இதே மாதிரியான ஏற்பாட்டை 1983இலேயே சோரர் காரில் டெம்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்துவிட்டது. பிறகு பிராடோ போன்ற ஜீப்புகளுக்கும் அது வந்தது.

ஸ்டாண்டர்ட் ஷொக்கில் அந்த மோட்டாரும் உள்தண்டும் இல்லை. வால்வின் இறுக்கத்தை வடிவமைப்பாளர் தொழிற்சாலையிலேயே தீர்மானித்துவிட்டார். இன்ன பாரம், இன்ன ஸ்பிரிங், இன்ன வேகம், இன்ன மாதிரி றோட்டு என்று ஒரு ஓட்டத்தை மனதில் வைத்து அவர் அதைச் செய்திருப்பார். ஆகவே ஸ்டாண்டர்ட் ஷொக்கும் ‘அட்ஜஸ்ட்’ பண்ணிய ஷொக்தான். பண்ணியவர் நீங்கள் இல்லை, அவ்வளவே. ‘எல்லாம் ஒண்டுதான்’ என்ற கராஜ்காரரின் பேச்சு இங்கே அடிபட்டுப் போகிறது. ஒரே வண்டிக்கென்று விற்கிற இரண்டு ஸ்டாண்டர்ட் ஷொக்கில் ஒன்று வெறும் வண்டிக்கும் தார் றோட்டுக்கும் என்று செய்ததாக இருக்கலாம். மற்றது பின்னுக்குப் பாரம் ஏற்றி உயர்த்திய ஸ்பிரிங்குக்கு என்று செய்ததாக இருக்கலாம். வெளியே பார்க்க இரண்டும் ஒரே குழாய்தான்.

சரி, அப்படியென்றால் சுவிட்ச் இருப்பதுதானே நல்லது? நினைத்தபடி மாற்றலாமே? இந்த வாதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பின்பக்க ஸ்பிரிங்குகள் தாங்குகிற பாரம் வெறும் வண்டியில் 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆட்களும் சாமானும் ஏறி அது 1050 கிலோவாகிறது, ஒன்றரை மடங்கு. ஷொக்கும் ஸ்பிரிங்கும் மாறாமல் இருந்தால், ஆட்டத்தை அடக்கும் விகிதம் பாரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராகக் குறையும். 1.5இன் வர்க்கமூலம் சுமார் 1.22. அதாவது அடக்கும் திறன் 18 வீதம் அளவில் குறைகிறது. உணரக்கூடிய வித்தியாசந்தான், ஆனால் ஆளைப் பயப்படுத்துகிற வித்தியாசம் இல்லை. நல்ல ஸ்டாண்டர்ட் ஷொக் ஒன்று அதைச் சமாளிக்கும்.

இந்த ஏற்பாட்டின் பெரிய குறையும் இங்கேதான் தெரிகிறது. பாரம் ஏறுவது பெரும்பாலும் பின்னுக்கு. சுவிட்சோ நாலு சில்லையும் சேர்த்துத்தான் மாற்றுகிறது. பின்பக்கத்துக்காக எச் போட்டால், தேவையில்லாத முன்பக்கமும் கடினமாகும். முன்சில்லு கல்லுக்குக் கல் துள்ளும். கைக்குத் தருகிற அதிகாரம் மூன்று படிதான், அதிலும் முன்னுக்குப் பின்னுக்கு என்ற பிரிவு இல்லை. உடம்புக்கு நோக நோக ஒவ்வொரு ஷொக்கிலும் கைப்பிடியைத் திருப்பி ஒன்பது நிலையில் வைக்கிற ராஞ்சோ ஷொக்கில் மின்சார வசதி இல்லை. ஆனால் பின்பக்கத்தை மட்டும் இறுக்குகிற சுதந்திரம் அதில் உண்டு. எது கூடுதலாக ‘மாற்றக்கூடியது’ என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு பிரச்சினை, சுவிட்சைப் பாவிக்கிற விதம். நான் கதைத்துப் பார்த்த ஓட்டுநர்களில் பல பேர் “றோட்டு மோசமெண்டால் எச் போடுவம்” என்றுதான் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கடினமான பாதைக்குக் கடினமான ஷொக். நடப்பது அதற்கு எதிர்மாறு. தோட்டத்துக் கல் றோட்டில் மெதுவாக ஏறும்போது சில்லு நிலத்தின் மேடுபள்ளத்தைத் தழுவிக்கொண்டு போகவேண்டும். அதற்கு மென்மைதான் தேவை. ஏ9 மாதிரி நல்ல தார் றோட்டில் வேகமாகப் போய் வளைவு எடுக்கும்போது வண்டி சாய்ந்தாடாமல் இருப்பதற்கே கடினம் தேவை. பெயர்தான் ஆட்களைத் தவறாகக் கொண்டுபோகிறது. எஸ், எச் என்று எழுதியதற்குப் பதிலாக ‘மெதுவான கல் றோட்டு’, ‘வேகமான தார் றோட்டு’ என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் பாதியாகக் குறைந்திருக்கும்.

கிறவல் றோட்டின் கதை இன்னும் சிக்கலானது. வன்னியின் உள்றோட்டுகளில் மழை கொஞ்ச நாள் பெய்யாவிட்டால் நிலம் கூரைத் தகரம் மாதிரி அலை அலையாய் வந்துவிடும். அந்த மேடுகளுக்கு இடையில் 70 சென்ரிமீற்றர் தூரம் என்று வைப்போம். 30 கிலோமீற்றர் வேகத்தில் போனால் சில்லுக்குச் செக்கனுக்குச் சுமார் 12 அடி விழும். சில்லும் அச்சும் இயல்பாகத் துள்ளுகிற வேகமும் செக்கனுக்கு 10 முதல் 15 தடவை வரைதான். இரண்டும் பொருந்தும்போது வண்டி கழன்று விழுகிறமாதிரி அதிரும். அதனால்தான் அனுபவக்காரர் 60இல் விட்டுப் பறப்பார்கள். அப்போது மேடுகளின் தலையில் மட்டும் சில்லு தட்டிக்கொண்டு போகும், உள்ளே இருப்பவருக்குச் சுகமாக இருக்கும். ஆனால் சில்லு பாதி நேரம் நிலத்தில் இல்லை. பிரேக் பிடித்தால் பிடிக்காது, ஸ்டியரிங் வெட்டினால் வெட்டாது. ஷொக்குக்குள் ஒயில் கொதித்து நுரை தள்ளத் தொடங்கும். இந்த இடத்தில் சுவிட்ச் பெரிதாக உதவாது. சூட்டைத் தாங்குகிற நல்ல ஒயிலும், போதிய குழாய் விட்டமும், நைதரசன் அழுத்தமுந்தான் உதவும். நல்ல தரமான ஸ்டாண்டர்ட் ஷொக், நடுத்தரமான மாற்றக்கூடிய ஷொக்கை வெல்லுகிற இடமும் இதுதான்.

இவ்வளவும் புதுச் சாமானைப் பற்றிய பேச்சு. எங்கட உண்மை வேறு. எங்களிடம் இருப்பது 25, 30 வருடம் பழகிய வண்டிகள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைப் பார்த்தவர்கள், பழையதையே இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டுவோம் என்று திரும்பி வந்தார்கள். பஞ்சிகாவத்தையில் கழட்டிய ஷொக் ஒரு சோடி தேடி எடுக்கலாம். ஆனால் அதுவும் உங்கள் ஷொக் மாதிரியே ஓடிக் களைத்த ஒன்றுதான். எந்த வண்டியில், எந்தப் பாரத்தில் கிடந்தது என்று விற்பவருக்கும் தெரியாது.

அதனால் ‘மாற்றக்கூடியதா, ஸ்டாண்டர்ட்டா’ என்ற கேள்வியே பிழையான இடத்தில் நிற்கிறது. ஒப்பிடவேண்டியது புதிய மாற்றக்கூடிய ஷொக்கையும் புதிய ஸ்டாண்டர்ட்டையும் அல்ல. மாறாமல் இறுகிப்போன பழைய ‘மாற்றக்கூடிய’ ஷொக்கையும் புதிய ஸ்டாண்டர்ட்டையுந்தான் ஒப்பிடவேண்டும். மேலே இருக்கிற மோட்டார் துருப்பிடித்து நின்றுவிட்டால், கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அதிலேயே அந்த ஷொக் நிற்கும். முன் இடது கடினத்திலும் முன் வலது மென்மையிலும் நின்றால்? நேர் றோட்டில் தெரியாது. கடுகண்ணாவை மாதிரி இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு வளைவு எடுக்கும்போது, இடத்துக்கு ஒரு குணம், வலத்துக்கு ஒரு குணம் காட்டும். எங்கட வீட்டு வண்டியில் அம்மாவைக் கண்டிக்குக் கிளினிக் கொண்டுபோகிற எனக்கு இது புத்தகப் பிரச்சினை இல்லை. மாறாத மாற்றக்கூடிய ஷொக் ஆபத்தானது. அதைப் பூட்டி வைத்துக்கொண்டு ‘ஒறிஜினல்’ என்று பெருமைப்படுவதில் எனக்கு எந்த மரியாதையும் இல்லை.

இங்கே கராஜ் கட்சி சந்தோஷப்படக்கூடாது. ஒரு நண்பர் தன் வண்டிக்கு ஸ்டாண்டர்ட் பூட்டக் கொடுத்தார். பின்னுக்கு மட்டும் இரண்டு புதிது, முன்னுக்குப் பழையது அப்படியே. மேல் மோட்டார்களின் வயரை வெட்டித் தொங்கவிட்டு, விளக்கு மின்னாமல் இருக்க டாஷ்போர்ட் பல்பையும் கழட்டிவிட்டார்கள். பாஸிடம் கேட்டால், “அது சும்மா விளக்குத்தானே அண்ண” என்றாராம். ஷொக் மாற்றியதை நான் குறை சொல்லமாட்டேன். மறைத்ததைத்தான் சொல்லுவேன். அடுத்ததாக அந்த வண்டியை வாங்கப்போகிறவர் சுவிட்சைத் தட்டுவார், ஏதோ மாறுகிறது என்று நம்புவார், அந்த நம்பிக்கையில் வளைவு எடுப்பார்.

மாற்றுகிறதென்றால் ஒழுங்காக மாற்றவேண்டும். நாலையும் ஒன்றாக மாற்றவேண்டும், குறைந்தது ஒரு அச்சில் இரண்டையும் சோடியாக. முழுதாக நீண்டபோதும் முழுதாக அமுங்கியபோதும் உள்ள நீளம் உங்கள் ஸ்பிரிங் உயரத்துக்குப் பொருந்தவேண்டும். குட்டையான ஷொக் பூட்டினால் சில்லு தொங்கும்போது பாரமெல்லாம் ஷொக்கிலேயே இழுபடும். மேல் மவுண்டின் வகை, புஷ்ஷின் அளவு இரண்டையும் கழட்ட முன்னமே பாருங்கள். வயர் முனைகளைத் தண்ணீர் போகாமல் கட்டி வையுங்கள். சுவிட்சுக்கு மேலே ‘வேலை செய்யாது’ என்று ஒரு துண்டு ஒட்டுங்கள். பார்க்க வடிவில்லைத்தான், ஆனால் பொய் சொல்லாது.

கடைசியாக, பூட்டிய பிறகு பொனட்டைக் கையால் அமத்திப் பார்த்து “ஓகே” சொல்லுகிற சோதனையை நம்பவேண்டாம். கை அமத்துகிற வேகம் மிகக் குறைவு. முழுதாகச் செத்த ஷொக்கை அது காட்டும், பாதி செத்ததைக் காட்டாது. தெரிந்த றோட்டில், தெரிந்த பாரத்தோடு, தெரிந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். டயரில் பள்ளம் பள்ளமாய்த் தேய்வு இருக்கிறதா என்று சில மாதம் கழித்துத் தடவிப் பாருங்கள்.

சுவிட்ச் போனதில் ஒரு இழப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒழுங்காகப் பாவித்தவருக்கு அது ‘இப்ப எந்த றோட்டில் இருக்கிறேன்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்டாண்டர்ட் ஷொக் அந்தக் கேள்வியை ஒரே ஒருதரம், கடையில் வாங்கும்போது மட்டுந்தான் கேட்கும். அதற்குரிய பதிலோடு போங்கள்: வண்டி கூடுதலாக ஓடுவது எந்த றோட்டில், எத்தனை பேரோடு, என்ன வேகத்தில். இந்த மூன்றையும் சொல்லாமல் “பஜிரோவுக்கு நாலு ஷொக் தாங்கோ” என்று கேட்டால், கடைக்காரர் ராக்கையில் இருக்கிறதைத் தருவார். அவர் மேலும் பிழையில்லை.