வேகமானியும் நாற்றங்காலும்

சென்ற கோடை விடுமுறையில், எங்கள் பொட்டிபுரம் வீட்டுத் திண்ணையில், என் மாணவர்கள் நால்வருடன் மடிக்கணினியில் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தேன். 2014இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட படம்; இசை நம் ஏ. ஆர். ரகுமான். படம் முடிந்ததும், நால்வரில் வேகப்பந்து வீசுகிறவன் கேட்டான்: “சார், அந்த வேகம் அளக்கிற துப்பாக்கி நம்ம ஊருக்கு வந்திருந்தா என்னையும் எடுத்திருப்பாங்களா?” அவனுக்கு விடை தேடப் போய், படத்தின் மேலேயே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டாகிவிட்டது.

கதை உண்மையில் நடந்ததுதான். ஜே. பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு முகவர் 2008இல் இந்தியாவுக்கு வந்து பந்தெறியும் போட்டி ஒன்றை நடத்தினார். 30,000க்கும் மேற்பட்டோர் எறிந்து பார்த்தனர். முன்னணியில் வந்தவர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரு உத்தரப்பிரதேச இளைஞர்கள். இருவரும் லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்தவர்கள். பேஸ்பால் ஆட்டத்தையே அறியாதவர்கள். அமெரிக்காவில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதங்கள் பயின்றபின், அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது.

ஏன் பிட்ஸ்பர்க்? பணக்கார அணி அல்ல அது. 1993 முதல் ஒவ்வோர் ஆண்டும் வெற்றியைவிடத் தோல்வியே மிகுதியாகக் கண்டுவந்த அணி. பேர்பெற்ற வீரரை விலைக்கு வாங்க வசதியில்லாதவர்கள் இளம் வயதிலேயே ஆளைக் கண்டுபிடித்து வளர்த்தாக வேண்டும். அமெரிக்க, கனடா இளைஞர்களை அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுத்துக் கொள்கின்றன. வெளிநாட்டு இளைஞருக்கு அந்த முறை கிடையாது. முதலில் பேசி முடிப்பவருக்கே ஆள். ஆகவே இந்தியாவில் தேடியது மூடத்தனம் அன்று. தேடிய விதத்தில்தான் எனக்கு ஐயம்.

முதலில் கருவியைப் பார்ப்போம். வேகத் துப்பாக்கி அனுப்பும் நுண்ணலை, பந்தில் பட்டுத் திரும்புகையில் அதிர்வெண் சற்றே கூடியிருக்கும். 24 ஜிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பினால், மணிக்கு 90 மைல், அதாவது வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வரும் பந்து சுமார் 6,400 ஹெர்ட்ஸ் மாற்றம் தரும். நாம் நாள்தோறும் வகுப்பில் சொல்லும் டாப்ளர் விளைவுதான். ஆனால் பந்து வரும் கோட்டிலிருந்து 20 பாகை விலகி நின்று அளந்தால் அதே பந்து 85க்கும் கீழே காட்டும். (படத்தில் ஒரு கிழட்டுத் தேர்வாளர் கண்ணை மூடிக்கொண்டு, பந்து கையுறையில் விழும் ஓசையை வைத்தே வேகத்தைச் சொல்லுகிறார். படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இடம்தான்.)

கருவி சரியாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பேஸ்பாலில் எறிபவருக்கும் தட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். கை முன்னே நீளுவதால் பந்து பயணம் செய்வது சுமார் 17 மீட்டர். தட்டின் அகலமோ 43 சென்டிமீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள்: பக்கவாட்டில் எறிபவருக்குக் கிடைக்கும் கோணம் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை. ஈட்டி எறிபவருக்கு மைதானத்தில் விடப்படும் கோணம் எவ்வளவு தெரியுமா? 29 பாகை! இருபது மடங்கு. தோள் வலிமையை ஈட்டி தந்துவிடும். அந்த ஒன்றரைப் பாகையைத் தராது. பந்து குறிக்குள் விழ வேண்டும் என்ற விதி போட்டியிலும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் கிடைத்தவை சில எறிகளே.

சில எறிகளில் என்ன தெரியும்? இரண்டுக்கு ஒன்று குறி தவறாத ஒரு பையனை ஆறு பந்து எறியச் சொன்னால், இரண்டோ அதற்குக் குறைவோ மட்டுமே குறியில் விழ வாய்ப்பு 64இல் 22. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மூன்றுக்கு ஒன்றுதான் தேறும் பையனோ, பத்தில் ஒரு தடவை நான்கோ அதற்கு மேலோ அடித்துக் காட்டிவிடுவான். நல்லவன் வீட்டுக்குப் போகிறான். அதிர்ஷ்டசாலி உள்ளே போகிறான். என் மாணவனும் இரண்டாண்டுக்கு முன் ஒரு கிரிக்கெட் தேர்வுக்குப் போய், ஆறே பந்தில் திருப்பி அனுப்பப்பட்டவன். அவன் அம்மா விடியற்காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். அன்று ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மகனுடன் போயிருந்தார்.

இதே விஷயத்தை வேறு விதமாகப் பேசிய படம் 2011இல் வந்த ‘மணிபால்’. மைக்கேல் லூயிஸ் 2003இல் எழுதிய நூலே அதற்கு மூலம். ஓக்லண்ட் அணி 2002இல் சுமார் 4 கோடி டாலர் ஊதியச் செலவில், 12 கோடிக்கும் மேல் செலவிட்ட நியூயார்க் யாங்கீஸ் அணிக்குச் சமமாக 103 ஆட்டங்களில் வென்றது. அந்த அணியில் சாட் பிராட்ஃபோர்ட் என்று ஒருவர். விரல் முட்டி தரையை உரசுமோ என்னும்படி குனிந்து, கீழிருந்து எறிபவர். வேகமானி அவரைப் பார்த்துச் சிரித்திருக்கும். ஆனால் மேலிருந்து வேகமாக எறியப்படும் பந்து பின்சுழற்சியால் மேக்னஸ் விசை பெற்று மிதந்து வரும். இவர் பந்தோ சுழற்சி மாறிக் கீழே அமுங்கும். அடித்தால் தரையில்தான் உருளும். வேகம் குறைந்தவர் என்று மற்றவர்கள் மதிப்புக் குறைத்த கையை ஓக்லண்ட் மலிவாகப் பெற்றுக்கொண்டது. ஏழை அணி செய்ய வேண்டியது அதுவே: எல்லோரும் அளப்பதை அளந்தால் பணம் உள்ளவனே வெல்வான். இந்தியாவுக்கு வந்தவர்களோ, அமெரிக்காவில் எல்லோரும் அளக்கும் அதே வேகத்தைத்தான் கொண்டுவந்தார்கள்.

மணிபாலையும் நான் முழுதாக ஒப்பவில்லை. அந்த 103 வெற்றிகளைத் தாங்கிய ஹட்சன், மல்டர், சீட்டோ என்ற மூன்று இளம் எறிவாளர்கள் படத்தில் நிழலாகவே வந்து போகிறார்கள். மூவரும் 1997, 98, 99ஆம் ஆண்டுகளில் அந்த அணியே தேர்ந்தெடுத்து வளர்த்தவர்கள். 2002இன் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற தெஹாதாவை, டொமினிக்கன் குடியரசில் 1993இல் 2,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். பெரிய லீக்கில் ஆறு ஆண்டு ஆடி முடிக்கும்வரை ஒருவர் விருப்பம்போல் அணி மாற முடியாது; முதல் மூன்றாண்டு ஊதியமும் சொற்பம். மலிவின் சூட்சுமம் அங்கே இருக்கிறது. கணினிக்காரர் ஒருவர் வந்து பட்டியல் போட்டதும் அணி எழுந்துவிட்டது போலக் காட்டுவது திரைக்கதை. பள்ளி மாணவரைவிட, ஆட்டக் கணக்கு மிகுதியாகக் கிடைக்கும் கல்லூரி மாணவரை எடு என்பது அவர்கள் விதி. புள்ளியியல்படி நியாயம்தான். ஆயினும் அந்த ஆண்டு நூல் புகழ்ந்த ஜெரமி பிரௌன் பெரிய லீக்கில் ஐந்தே ஆட்டம் ஆடினார். கான்சாஸ் சிட்டி என்ற இன்னொரு சிக்கன அணி பள்ளியிலிருந்து எடுத்த கிரெயின்கி 2009இல் சிறந்த எறிவாளர் விருதே பெற்றார்.

எங்கள் பக்கத்து ஏலத் தோட்டக்காரர்கள் விதை பொறுக்குவதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். நாற்றங்காலைப் பற்றியே பேசுவார்கள். முளைத்த நாற்றை ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, நிழல் கட்டி, ஓராண்டுக்கு மேல் காத்து, மழைக்காலத்தில் மலையில் நட்டால் அப்புறமும் இரண்டு மூன்று ஆண்டு கழித்தே காய். மில்லியன் டாலர் ஆர்ம் விதை பொறுக்கியதும் முடிந்துவிடுகிறது! ஒப்பந்தம், கைதட்டல், திரை. ஆனால் ரிங்கு சிங்கின் உண்மைக் கதை அதன்பிறகே தொடங்குகிறது. 2009 ஜூலையில் அடிமட்ட லீக்கில் முதல் ஆட்டம். தினேஷை 2010இல் அணி விடுவித்துவிட்டது. அவர் ஊர் திரும்பினார். ரிங்கு படிப்படியாக ஏறி, 2012இல் மேற்கு வர்ஜீனியா அணிக்காக எறிந்தார். பிறகு கைக் காயம், அறுவைச் சிகிச்சை. பெரிய லீக்கை எட்டவில்லை. 2018இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். பத்தொன்பது வயதில் பந்தைத் தொட்டவர் நான்கே ஆண்டில் அந்தப் படி வரை ஏறியதுதான் எனக்கு வியப்பு. அதில் ஒரு காட்சிகூடப் படத்தில் இல்லை.

மாணவனுக்கு என்ன விடை சொன்னேன் என்று கேட்பீர்கள். ஆறு பந்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று சொல்லி, ஊருக்கு வெளியே ஒரு சுவரில் சுண்ணாம்பால் செவ்வகம் வரைந்தோம். செல்பேசியில் வினாடிக்கு 240 படம் எடுத்தால், கையை விட்டது முதல் சுவரில் பட்டது வரை படங்களை எண்ணி வேகம் கண்டுபிடிக்கலாம். செலவு எதுவும் இல்லை. வாரத்துக்கு 60 பந்து. முதல் வாரம் செவ்வகத்துக்குள் விழுந்தவை 11. நான்காம் மாதம் 27. வேகம் மட்டும் அப்படியே இருக்கிறது. நோட்டு அவனிடம்தான் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டதால் கடைசி இரண்டு வாரப் பக்கம் காலி.