நிரலும் நிரையும்

கணினிக்கு நிரல் எழுதுவது ஒரு தொழில். எழுதிய நிரலைப் பொதுவில் வைப்பதும், ஓய்வு நாளில் ஒன்றுகூடி அதை ஆராய்வதும், கற்றதைக் கல்லாதார்க்குக் கூலி வாங்காமற் சொல்லிக் கொடுப்பதும் ஒரு பண்பாடு. தொழிலைப் பற்றி நாட்டில் பேசாதார் இல்லை. கொழும்பின் கண்ணாடி மாடங்களும் அங்கே கிடைக்கும் சம்பளமும் நம் மாணவரின் கனவிலேயே வந்து குடியேறிவிட்டன. பண்பாட்டைப் பற்றியோ இலக்கிய ஏடுகள் பெரும்பாலும் மௌனமே சாதிக்கின்றன. மொழியால் ஆக்கப்பட்டு மக்கள் வாழ்வைத் தொடும் எதுவும் விமர்சனத்துக்குப் புறம்பானதன்று என்பது நமது கொள்கை. ஆகவே, திம்புள்ளத் தேயிலை மலைகளுக்கிடையே தமிழ் கற்பிக்கும் நாம், தமிழ் நிரலாளர் குழுக்களின் பணியை ஈண்டு எடைபோட முற்படுகின்றோம்.

இக்குழுக்களின் மூலவேர் அயல்நாட்டில் உள்ளது. 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்க நிரலாளர் க்னூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எவரும் இயக்கலாம், பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குப் பகிரலாம் என்பதே அதன் அடிப்படை. 1989இல் அக்கொள்கை க்னூ பொதுமக்கள் உரிமம் என்ற சட்ட வடிவம் பெற்றது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் லினக்ஸ் கருவை வெளியிட்டார். அதனைப் பயன்படுத்துவோர் ஊர்தோறும் குழுக்களாகக் கூடலாயினர். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் தோன்றிய லினக்ஸ் பயனர் குழுக்கள் அவ்வழி வந்தவையே.

காஞ்சிபுரத்தைச் சேர்ந்த த. சீனிவாசன் இத்தகைய குழு வாழ்வின் சிறந்த எடுத்துக்காட்டு. மென்பொருட் பொறியாளராகிய அவர், காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவில் உழைத்ததோடு நில்லாமல், 2012இல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கும் 'கணியம்' மின்னிதழைத் தோழர்களோடு தொடங்கினார். எழுத்தாளரின் இசைவுடன் தமிழ் நூல்களை மின்னூலாக்கி எல்லோருக்கும் இலவசமாக வழங்கும் முயற்சியும் தொடர்ந்தது. து. நித்யா போன்றோர் 'எளிய தமிழில்' என்ற தலைப்பு வரிசையில் கணினிப் பாட நூல்களை எழுதினர். விற்பனையும் விளம்பரமும் இல்லாத இந்நூல்கள் எத்தனையோ மாணவரின் கைக்குச் சென்றுள்ளன.

நம் நாடும் இத்துறையில் வறியதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையை விழுங்கியபோது, இலங்கை நிரலாளர்கள் தாமாகவே முன்வந்து, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்யும் 'சஹானா' என்ற மென்பொருளைச் சில வாரங்களில் உருவாக்கினர். அது பின்னர் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் பயன்பட்டது. 2005இல் தி. கோபிநாத், மு. மயூரன் முதலியோர் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த சாம்பலுக்கு இளைய தலைமுறை அளித்த விடையாகும். இன்று பல்லாயிரம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அங்கே எவரும் படிக்கலாம். மலையக வெளியீடுகளும் அவற்றுள் உண்டு.

இவ்வளவும் பாராட்டத்தக்கவை. ஆயினும் பாராட்டு மட்டுமே விமர்சனமாகிவிடாது. இவர்கள் ஆக்கிய படைப்பொன்றை எடுத்துத் தமிழாசிரியர் கண்கொண்டு நோக்குவோம்.

முத்து அண்ணாமலை என்பார் 2007இல் உருவாக்கத் தொடங்கி 2009இல் அறிவித்த 'எழில்', தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதுவதற்கான மொழியாகும். ஆங்கிலம் அறியாத பள்ளி மாணவரும் கணினிக்குக் கட்டளையிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். இம்மொழியின் தலையாய சிறப்பு அதன் தொடரமைப்பு. ஆங்கில வழி நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னே வரும். நிபந்தனை பின்னே வரும். எழிலிலோ நிபந்தனை முதலில் நிற்க, 'ஆனால்' என்ற சொல் அதன் பின்னே வருகின்றது. வினை இறுதியில் நிற்கும் தமிழ்த் தொடரின் இயல்பை உணர்ந்து செய்த அமைப்பு இது. சொல்லை மட்டும் மாற்றி வைத்துத் தமிழ் என்று பெயரிட்டுவிடாமல், சிந்தனையின் ஒழுங்கையே தமிழாக்க முயன்ற இத்துணிவைத் தமிழறிந்தோர் அனைவரும் போற்ற வேண்டும்.

ஆனால் சொற்றேர்விற் குறை உண்டு. 'மழையானால்', 'பெரிதானால்' என்று முன்சொல்லோடு ஒட்டி வரும்போது 'ஆனால்' நிபந்தனையைத் தரும். தனித்து நின்றால், இக்கால மாணவன் அதை 'எனினும்' என்ற பொருளிலேயே கொள்வான். 'இல்லை' என்பது மறுப்பைக் கூறும் முற்றுச் சொல். மாற்றுவழியைச் சுட்ட 'இல்லையேல்' அல்லது 'இன்றேல்' வேண்டும். ஒரு நிபந்தனை நிலவுங்காறும் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யப் பணிக்க 'வரை' என்ற சொல் வைக்கப்பட்டுள்ளது. 'பத்துக்குக் குறைவு வரை' என்றால் குறையும் மட்டுமா, குறைந்திருக்கும் மட்டுமா? 'உள்ளவரை' என்றிருப்பின் ஐயமே எழாது. சுழற்சிக்கு வைத்த 'ஆக' என்பதோ ஆங்கிலச் சொல்லின் நிழல். தமிழில் தனித்து நிற்கும்போது அது முடிவுரையைத் தொடங்கும் சொல்லாகவே தோன்றும்.

இவற்றைக் குற்றங் கூறுவதற்காகக் கூறவில்லை. இதே குறைகள் ஓர் அச்சுப் பாடநூலில் இருந்தால், நாம் கடிதம் எழுதிவிட்டு அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். எழிலின் மூல நிரல் திறந்து கிடக்கின்றது. 'இல்லை' என்பதை 'இல்லையேல்' என்று மாற்ற எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை; நம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை மாற்றித் தன் தோழியருக்கு வழங்கலாம். விமர்சகனும் படைப்பாளியும் ஒரே வரிசையில் நிற்க இடமளிக்கும் இம்முறையே கட்டற்ற மென்பொருளின் உண்மையான ஜனநாயகம். இவ்வளவு பெரிய உரிமை கையருகே இருந்தும், தமிழ் கற்றோராகிய நாம் அதைத் தொடாமல் இருப்பது வருந்தத்தக்கது. நிரலாளர் குழுக்களில் இலக்கணம் அறிந்தவர் குறைவு. இலக்கணம் அறிந்தவரோ அக்குழுக்களின் வாசலை மிதிப்பதில்லை. குறை இரு தரப்புக்கும் உரியது.

இனி இதனினும் பெரிய கேள்விக்கு வருவோம். 'எல்லோருக்கும் திறந்தது' என்று சொல்லப்படும் இவ்வாசல் உண்மையில் யாருக்குத் திறந்திருக்கின்றது?

ஊதியமின்றி உழைக்க ஒருவனுக்கு முதலில் ஊதியம் வேண்டும். பகலில் நல்ல சம்பளத்துக்கு வேலை செய்பவனே இரவில் இரண்டு மணி நேரத்தைப் பொதுப்பணிக்கு ஈய முடியும். அவனுக்குச் சொந்தக் கணினி இருக்கின்றது, இணைப்பு இருக்கின்றது, ஆங்கிலக் குறிப்பைப் படிக்கும் பயிற்சி இருக்கின்றது. 'எளிய தமிழில்' எழுதப்பட்ட பாடமும், படிப்பவன் முன்னே கணினி ஒன்று இருக்கின்றது என்று கொண்டே தொடங்குகின்றது. லயத்து அறையில் ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுப் படிக்கும் குடும்பத்தை அப்பாடம் கண்டதில்லை. நம் பாடசாலைகளில் சாதாரண தரத்துக்குப் பாஸ்கலும் உயர்தரத்துக்குப் பைதனும் பல ஆண்டுகளாகப் பாடத்திட்டத்தில் இடம்பெற்று வந்துள்ளன. 'செய்நிரல்' என்ற சொல்லை நம் மாணவர் மனனம் செய்திருக்கின்றனர். எழுதிய செய்நிரலை இயக்கிப் பார்க்கும் வாய்ப்போ பலருக்குத் தேர்வுக்கு முன் சில முறையே கிட்டுகின்றது. கணினி மொழியைக் கரும்பலகையிற் கற்பது, நீச்சலைத் திண்ணையிற் கற்பதற்கு ஒப்பாகும்.

விழுப்புரம் குழுவின் பணி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஊரகத்து ஏழை மாணவரைத் தேடி அழைத்து, இலவசமாகப் பயிற்சி தந்து, தொழிலுக்குத் தகுதியாக்குவதை அக்குழு தன் கடமையாகக் கொண்டுள்ளது. பெருநகரக் கூட்டம் வந்தவரை வரவேற்கின்றது. விழுப்புரத்துக் கூட்டம் வராதவரைத் தேடிச் செல்கின்றது. சமுதாய நோக்கு என்பது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே.

மலையகம் இவ்வுண்மையை முன்பே அறியும். 1919இல் இலங்கைக்கு வந்த கோ. நடேசையர், தோட்டங்களுக்குள் வெளியார் நுழையத் தடை இருந்தபடியால், துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குட் சென்றார். பின்னர் பத்திரிகை நடத்தினார்; 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடித் தொழிலாளரை எழுப்பினார். மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்துப் பாடல்களைத் தொழிலாளர் வாயிலாகவே கேட்டுத் தொகுத்தார். அச்சும் பாட்டும் அன்றைய கருவிகள். அவற்றைக் கையிலெடுத்த படித்தவர்கள், மக்கள் தம்மிடம் வரட்டும் என்று மேசையருகே அமர்ந்திருக்கவில்லை.

தோட்டத்துக்கும் நிரலுக்கும் என்ன உறவு என்று சிலர் வினவலாம். கொழுந்து பறிக்கும் பெண் தன் நிரையை முடித்து மடுவத்துக்கு வருகின்றாள். கொழுந்து நிறுக்கப்படுகின்றது, சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எடை கழிக்கப்படுகின்றது, விதித்த அளவு இல்லையாயின் அரைப் பேர் விழுகின்றது. முன்பு இக்கணக்கைக் கணக்கப்பிள்ளை கொப்பியில் எழுதினார். இப்போது பல தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. கொப்பியை எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கவாவது முடிந்தது. தராசுக்குள்ளிருக்கும் விதியை எட்டிப் பார்க்க முடியாது. எத்தனை கிலோ, எந்த விதிப்படி, யார் சொல்லிக் கழிகின்றது என்பதை ஒரு நிரல் தீர்மானிக்கின்றது. அந்நிரல் அவளுடைய ஒரு நாட் கூலியைத் தொடுகின்றது. ஸ்டால்மன் கேட்ட 'பிரித்துப் படிக்கும் உரிமை' பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரிய ஒன்றன்று. மடுவத்தின் வாசலில் கூடையோடு நிற்பவளுக்கே அது முதலில் வேண்டும்.

இன்னொரு முரண்பாட்டையும் மறைத்தல் கூடாது. தன்னார்வலர் பகிர்ந்த உழைப்பின் மேலேதான் இன்றைய பெருநிறுவனங்கள் பல தம் மாளிகையை எழுப்பியிருக்கின்றன. கைத்தொலைபேசிகளில் ஓடும் ஆண்ட்ராய்டின் அடியில் லினக்ஸ் கருவே உள்ளது. க்னூ உரிமத்தின்படி, திருத்திய மென்பொருளைப் பிறருக்கு வழங்குபவர் மூலத்தையும் வழங்க வேண்டும். தம் கணினியிலேயே அதை இயக்கிச் சேவையை மட்டும் விற்பவரை அது கட்டுப்படுத்துவதில்லை. அந்த ஓட்டையை அடைக்க 2007இல் க்னூ அஃபெரோ உரிமம் வந்தது. எனினும் உரிமத்தாள் ஒன்றே சுரண்டலைத் தடுத்துவிடும் என்று நம்புவது பேதைமை. பொதுச் சொத்தைக் காக்க விழிப்புள்ள பொதுமக்கள் வேண்டும். ஆதலின், தம் உழைப்பு இறுதியில் யாருடைய களஞ்சியத்துக்குச் செல்கின்றது என்ற கேள்வியைக் குழுக்கள் தம் கூட்டங்களில் எழுப்ப வேண்டும். தொழில்நுட்பத்தில் அரசியல் இல்லை என்று கூறி அதைத் தவிர்ப்பவர், இருக்கும் அரசியலுக்கே துணை போகின்றனர்.

நிரல் கற்றுவிட்டால் மலையகத்தின் துயர் தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள், அதை மீட்கப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. நியாயமான கூலியும் நிலமும் வீடும் கணினித் திரையிற் பிறப்பனவல்ல; அவை தொழிற்சங்கத்தின் ஒற்றுமையாற் பெறவேண்டியவை. தராசு தோட்டத்துக்குச் சொந்தமாக இருக்கும்வரை, அதன் விதியைப் படிக்கத் தெரிந்த மாணவியால் அவ்விதியை மாற்றிவிட முடியாது. ஆனால் விதி ஒன்று உண்டு என்று அறிந்தவளும், அது மனிதன் எழுதியது, ஆதலின் மனிதனால் மாற்றக்கூடியது என்று உணர்ந்தவளும் சங்கக் கூட்டத்தில் எழுப்பும் கேள்வி வேறுவிதமாக இருக்கும்.

எனவே நிரலாளர் நண்பர்களிடம் நாம் வேண்டுவது அதிகமன்று. ஹற்றனிலோ தலவாக்கலையிலோ மாதம் ஒரு முறை கூடுங்கள். அரங்கு வேண்டாம், வாசிகசாலையோ பாடசாலை அறையோ போதும். நீங்கள் கழித்துவிடும் பழைய கணினிகள் லினக்ஸோடு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அவற்றைக் கொண்டு வாருங்கள். முதற் பாடமாகக் கொழுந்துக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: நிறுத்த எடை, கழித்த எடை, நாட்கூலி, மாத முடிவிற் பிடித்தம். தாய் கொண்டு வரும் சம்பளத் துண்டை மகள் தானெழுதிய நிரலால் சரிபார்க்கட்டும்.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு சொல். 'நிரல்' நமக்கு அந்நியமான சொல்லன்று. நிரல்நிறையைப் பொருள்கோளில் வைத்துக் கற்பித்தவர்கள் நாம். சொல்லும் பொருளும் முறை பிறழாமல் அடுத்தடுத்து நிற்கும் அவ்வொழுங்கே கணினிக்கும் வேண்டுவது. அக்குழுக்களில் சென்று அமர்வோம், தெரியாததைக் கேட்போம், 'இல்லை' என்றிருக்கும் இடத்தில் 'இல்லையேல்' என்று திருத்துவோம். நிரை பிடித்து நடந்த தாய்மாரின் பிள்ளைகள் நிரல் பிடித்து நடக்கும் நாளில், அவர்கள் கையிலுள்ள மொழி பிழையற்ற தமிழாய் இருக்கச் செய்வது நம் பொறுப்பு.