எட்டு நிறக் கம்பிகள்

வீட்டுக்குள் கணினிகளை இணைக்கும் லேன் கேபிளை யாரும் ரசித்துப் பார்ப்பதில்லை. அதன் முனையில் கனெக்டர் மாட்டுகிற கைகளைக் கவனிக்க வேண்டும். மேலுறையை உரித்தால் ஜோடி ஜோடியாக முறுக்கிய 8 கம்பிகள். அந்த முறுக்குதான் மின் இரைச்சலைத் தடுக்கிறது. அதனால் தேவைக்கு மேல் பிரிக்கமாட்டார்கள். விரல் நுனியால் நீவி நேராக்கி, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம் என அடுக்குவார்கள். அடுத்து பச்சை வராது, வெள்ளை-நீலம் வரும். பழகிய கை அங்கே தடுமாறாது. பூத்தொடுக்கும் விரல்களின் நிதானம் அது. நுனிகளைச் சமமாக நறுக்கி, கனெக்டருக்குள் செருகி, கிரிம்பரை அழுத்தும்போது ஒரு ‘கறுக்’. ரவுட்டரில் மாட்டும்போது சின்னதாக ஒரு ‘டிக்’. இரண்டுமே நிறைவான சத்தங்கள்.

பிறகு ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால், ஹால் கணினியில் இருக்கும் கல்யாண வீடியோ உள் அறையில் திறக்கிறது. பென் டிரைவைத் தேட வேண்டாம். இணையம் அறுந்து கிடந்தாலும் கவலையில்லை, கோப்பு வீட்டு வாசலைத் தாண்டுவதேயில்லையே! பெரிய கோப்பு நகரும்போது ரவுட்டர் விளக்குகள் படபடக்கின்றன. திரையில் பச்சைப் பட்டை சீராக நிரம்புகிறது. வைஃபையில் தயங்கித் தயங்கி ஊரும் அதே பட்டை, கம்பியில் நிற்காமல் ஓடுகிறது. அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கும்.