எஃப்.டி.எல். (கணினி விளையாட்டு): ஒரு திறனாய்வு

'எஃப்.டி.எல்.: பாஸ்டர் தேன் லைட்' 2012 செப்டம்பர் 14 அன்று வெளியான விண்வெளிக் கணினி விளையாட்டு ஆகும். 'ஒளியினும் விரைவாக' என்பது பெயரின் பொருள். மேத்யூ டேவிஸ், ஜஸ்டின் மா ஆகிய இருவர் இதை உருவாக்கினர். கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் அவர்கள் கேட்டது 10,000 டாலர். சேர்ந்ததோ இரண்டு இலட்சத்துக்கும் மேல்.

இதன் மூதாதை, 1980ஐ ஒட்டிக் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய 'ரோக்'. அதில் நிலவறை ஒவ்வொரு முறையும் புதிதாக அமையும். வீரன் இறந்தால் ஆட்டம் முதலிலிருந்துதான். இவ்வழியில் வந்தவை 'ரோக்லைக்' எனப்படுகின்றன. எஃப்.டி.எல். நிலவறையை விண்வெளியாகவும் வீரனை ஒரு கப்பலாகவும் மாற்றியது. முறைவைத்து ஆடும் வழக்கம் இதில் இல்லாததால் இது தூய ரோக்லைக் அன்று என்போரும் உண்டு. அது பெயர் பற்றிய வழக்கு. ஆடுபவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இதன் சிறப்பு கப்பலுக்குள்ளேதான் இருக்கிறது. ஓர் அறையில் தீப்பற்றினால் வெளிக்கதவைத் திறந்துவிடலாம். காற்று வெளியேறத் தீ அணையும். எரியும் மெழுகுவத்தி மீது கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கும் பள்ளிச் சோதனைதான் இது. ஆனால் அந்த அறையில் நிற்கும் மாலுமிக்கும் மூச்சு முட்டும். அவரை முன்பே வெளியேற்ற வேண்டும்; வெளியேற்றினால் கேடயக் கருவியைப் பழுதுபார்க்க ஆளிருக்காது. எரிபொருளும் எண்ணி எண்ணித்தான் செலவாகும். மாரியூர்க் கடற்கரையில் டீசல் கணக்குப் பார்த்துப் படகு இறக்குவோருக்கு இந்தக் கவலையை விளக்கத் தேவையில்லை. பின்னால் கலகப் படை துரத்துவதால் ஓரிடத்தில் தங்கவும் முடியாது.

பரமபதத்தில் பகடை சொன்னபடி காய் நகரும். இங்கே பகடை விழுந்த பிறகும் ஆடுபவருக்கு ஒரு தெரிவு மிஞ்சுகிறது. தோற்றவர் மீண்டும் தொடங்குவது அதனால்தான்.

குறையும் உண்டு. எட்டாவது மண்டலத்தில் காத்திருக்கும் கலகக்காரரின் தலைமைக் கப்பல் எப்போதும் ஒன்றே. அதுவரை எந்த வழியும் செல்லும் என்று பழக்கிய விளையாட்டு, அங்கே சில ஆயுதங்கள் கிடைத்தவரையே பெரிதும் வெல்லவிடுகிறது. இரண்டு மணி நேர உழைப்பு, கடையில் எது விற்பனைக்கு வந்தது என்பதைப் பொறுத்து வீணாவது நியாயமன்று.

மற்றொன்று மொழி. சண்டையைப் படம் பார்த்தே ஆடிவிடலாம். அபயக்குரலுக்குச் செல்வதா, விலகுவதா என்பன போன்ற தெரிவுகள் எழுத்தில் வருகின்றன. தமிழ்ப் பதிப்போ இல்லை. பொருள் புரியாமல் ஒரு வரியைத் தொட்டு மாலுமியை இழக்கும் தமிழ்வழி மாணவர், விளையாட்டில் தோற்றவர் அல்லர். 2014 ஏப்ரலில் இலவசமாக வந்த விரிவாக்கப் பதிப்பு மேலும் பல நிகழ்வுகளைச் சேர்த்தது. அவருக்குப் புரியாத வரிகளும் அத்துடன் கூடின.